பத்தியம் முறிப்பு

வீரகத்தியின் வயிறு வைகாசி மாதத்தில்தான் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி ஊதியது. கால் அதற்கு முன்பே வீங்கியிருக்கிறது. நாள் முழுதும் சேற்றில் நிற்கிற மனிதரின் கால் வீக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டு வரம்பில் ஏறும்போது சாரம் இடுப்பில் நிற்கவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே ஐந்து மைல். இரணைமடுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. கோடைச் சிறுபோகத்தில் அங்கே தண்ணீர் வருவதே சந்தேகம். வயல்களுக்கு அப்பால் தரவை, புல்லும் உவருமான வெறும் நிலம். தரவைக்கு அப்பால் கடல்நீரேரி. சோளகம் என்கிற தென்மேல் காற்று பிடித்துவிட்டால் வைகாசி முதல் ஆவணி வரை புழுதி பறந்துகொண்டே இருக்கும். அடுப்பில் இருக்கிற சோற்றிலும் புழுதி விழும்.

குடியேற்றத் திட்டத்தில் அந்தக் கடைசிக் காணிகள் வடமராட்சியிலிருந்து வந்தவர்களுக்கு விழுந்தன. வீரகத்தி பத்து வருடங்களுக்கு முன் மனைவி பத்மாசனியோடும் விதவையான தமக்கை இரஞ்சிதத்தோடும் வந்தவர். காடு வெட்டிய முதல் வருடம் செங்கமாரி வந்து கண் மஞ்சளாகி மூன்று மாதம் படுத்திருந்தார். கீழ்க்காய்நெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து எழுப்பினார்கள். எழுந்ததும் மண்வெட்டியை எடுத்தார். நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை.

நான் அந்தப் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியன். சைக்கிளில் வயல் வயலாகத் திரிவது வேலை. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. சமைப்பதை விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாடு வீரகத்தி வீட்டில் என்று ஆகிவிட்டது. யாரும் அழைக்கவில்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினேன், பத்மாசனி கோப்பையில் சோறு போட்டு வைத்தார். மறுநாளும் போட்டு வைத்தார்.

"தம்பி, இஞ்ச பாருங்கோ. ஏழு மாதம்," என்று வீரகத்தி வயிற்றில் தட்டிக் காட்டினார். "பத்மாவுக்கு வராதது எனக்கு வந்திட்டுது."

"உங்களுக்கு எல்லாம் பகிடி," என்று பத்மாசனி குசினிக்குள்ளிருந்து சொன்னார். "ஏரம்புப் பரியாரியார் நாடி பிடிச்சுப் பாத்துப்போட்டு ஒரு கதையும் கதையாமல் எழும்பிப் போட்டார். அந்த மனிசன் கதையாமல் போறதெண்டா என்ன?"

"வாய் முழுக்க வெத்திலை. எப்பிடிக் கதைக்கிறது?"

"குடிச்சவன்ர வயிறு ஊதினா ஞாயம்," என்றார் இரஞ்சிதம். அவர் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். "சந்திக் கடையில நிண்டு என்ன கதைக்கிறாங்கள் தெரியுமோ? வீரகத்தி களவாக் குடிச்சவனாம். கோயில் திருவிழாவுக்கு ஒரு போத்தல் கள்ளு. அதுவும் மூண்டு பேர் பகிர்ந்தது."

"நாலு பேர் அக்கா. போத்தல் தந்தவனை விட்டிட்டாய்."

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே ஈரலுக்கும் குடலுக்கும் என்று சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர் இருந்தார். சனங்கள் அவரை ஈரல் டொக்டர் என்றார்கள். புதன்கிழமைகளில் மட்டும் அந்த நோயாளிகளைப் பார்ப்பார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு கடல் தொழிலாளி இருந்தார். பெயர் செபமாலை. கண் இரண்டும் மஞ்சள்.

"எத்தினையாந் தரம்?" என்று வீரகத்தி கேட்டார்.

"நாலாந்தரம். உங்களுக்கும் உப்பை நிப்பாட்டச் சொல்லுவார், இருந்து பாருங்கோ. நான் கேட்டன், ஐயா, விடிய இருந்து இருட்டுமட்டும் உப்புத் தண்ணிக்குள்ள நிக்கிறனான், அது தோலால உள்ளுக்குப் போகாதோ எண்டு. மனிசன் சிரிக்கேல்லை."

"சிரிக்கிறதுக்குப் பெரிய டொக்டருக்கு நேரம் எங்க?"

"பெண்சாதிதான் சிரிச்சாள். உப்பில்லாமல் மீன் திண்டா மீனுக்கு ரோசம் வருமாம்."

டொக்டர் இளைஞர். மெதுவாகப் பேசினார். வீரகத்தியைப் படுக்க வைத்து வயிற்றின் ஒரு பக்கத்தில் ஊசி ஏற்றினார். குழாய் வழியாக வைக்கோல் நிறத் தண்ணீர் இரண்டு போத்தல் இறங்கியது. ஈரல் சுருங்கிக் கல்லாகிக்கொண்டு வருகிறது என்று சொன்னார். பழைய செங்கமாரியின் வேலையாக இருக்கலாம், குடியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். பத்மாசனி அந்த ஒரு வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"வில்லை தாறன். ஆனா வில்லையைவிட இதுதான் முக்கியம். உப்பு ஒரு துளியும் கூடாது. உடம்பிலை உப்பு நிண்டா தண்ணி நிக்கும். விளங்குதோ?"

"பத்தியம்," என்றார் பத்மாசனி.

"ஓம். பத்தியம்தான்."

ஒரு தாளும் தந்தார். எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று இங்கிலாந்தில் அச்சடித்தது. பஸ்ஸில் வரும்போது அதைப் படித்தேன். பன்றி இறைச்சி வற்றல், பாலாடைக் கட்டி, தகரத்தில் அடைத்த சூப், உப்பிட்ட வெண்ணெய். வீரகத்தி இவற்றில் ஒன்றையும் கண்டதில்லை. என் குவாட்டர்ஸில் இருந்துகொண்டு அதைத் தமிழில் எழுதினேன். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், பாண், பேக்கரிப் பணிஸ், கடையில் வாங்கும் தூள். இருபத்தொரு சாமான் எழுதினேன். பத்மாசனி அதை அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

பத்மாசனி சமைத்ததைப் பார்த்திருக்கிறேன். வீரகத்திக்குப் புதுச் சட்டி, புது அகப்பை. மிளகாயைத் தானே வறுத்து இடித்தார். புளியைக் கழுவினார். கத்தரிக்காயைத் தேங்காய்ப் பாலில் வேகவிட்டுத் தேசிக்காய் பிழிந்தார். ஒரு கிழமை போனதும் தானும் அந்தச் சட்டியிலேயே சாப்பிடத் தொடங்கினார்.

"நீர் ஏன் இதைத் தின்னுறீர்?" என்று வீரகத்தி கேட்டார்.

"நீங்கள் தின்னாத உப்பு எனக்கென்னத்துக்கு?"

"எனக்கு முன்னால இருந்து ருசியாய்த் திண்டா, பாத்தெண்டாலும் வயிறு நிறையும்."

"சோத்துக்கு நாங்கள் ஒருநாளும் உப்புப் போடுறேல்லை. கறிக்குத்தானே. பழகினாச் சரி."

மூன்று கிழமை கழித்துப் போனபோது வயிறு முந்தியதைவிடப் பெருத்திருந்தது. தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. டொக்டர் நிறையைப் பார்த்தார். பழைய அட்டையைப் பார்த்தார். பத்மாசனியைப் பார்த்தார்.

"உப்புப் போடுறியளோ?"

"இல்லை ஐயா."

"மறைக்கக் கூடாது. இரக்கத்திலை குடுக்கிறவை இருக்கினம். அது இரக்கம் இல்லை."

"ஒரு கல்லுக்கூடப் போடேல்லை ஐயா. நானும் தின்னுறேல்லை."

"அப்ப ஆரோ குடுக்கினம். தண்ணி சும்மா ஊறாது."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். வெளியே ஐம்பது பேர் இருந்தார்கள். மறுபடி தண்ணீர் எடுத்து, வில்லையைக் கூட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் இரஞ்சிதம் கேட்டார். வீரகத்தி மறைக்கத் தெரியாதவர். டொக்டர் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டார்.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் இரஞ்சிதம். "உவளுக்கு அவன்ர முகம் கோணக் கூடாது. கேட்டா எடுத்துக் குடுத்திடுவாள்."

"மச்சாள், என்ர கையைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் குடுத்தனானோ?"

"நான் என்ன உன்ர கையைக் கட்டிக்கொண்டோ திரியிறன்? நான் வயலுக்க நிக்கேக்க என்ன நடந்துதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அக்கா, விடு," என்றார் வீரகத்தி. "அவள் தரேல்லை. நான் கேட்டனான், தரேல்லை."

"பாத்தியோ, கேட்டவனாம்!"

பத்மாசனி பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரத்தைக் கையில் எடுத்தார். கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்வதற்கு. வீரகத்தி கதிரையிலிருந்து எழுந்து போய் அதைப் பறித்தார். எழும்பிய வேகத்துக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் போனபோது குசினியில் இரஞ்சிதம் நின்றார். பத்மாசனி வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் சமையல் தன்னுடையது என்று இரஞ்சிதம் சொல்லிவிட்டார். பத்மாசனி மறுக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் முறை. எங்கள் வாய்க்காலுக்கு ஆறு மணித்தியாலம் தண்ணீர் விடுவார்கள். முன்பென்றால் வீரகத்தி போவார். அன்று பத்மாசனி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். மேட்டுக் காணிக்காரர் மடையை முழுதாக அடைக்காமல் தண்ணீரைக் களவாகத் திருப்பியிருந்தார்கள். பத்மாசனி மடையில் நின்று சத்தம் போட்டது சாப்பாட்டில் இருந்த எனக்குக் கேட்டது. அவர் சத்தம் போட்டதை நான் முன்பு கேட்டதில்லை.

இரஞ்சிதம் பத்து நாள் சமைத்தார். சட்டியைத் தானே கழுவினார். உப்புச் சாடியைத் தன் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வயிறு ஏறிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் அவர் என்னிடம் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, நான் போடேல்லை. எனக்குத் தெரியும் நான் போடேல்லை. அப்ப என்னெண்டு?"

அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தேன்.

ஆடி மாதம் முதற் கிழமை, என் கந்தோர் மேசையில் பரமலிங்கம் என்ற குடியேற்றவாசியின் கடிதம் கிடந்தது. தன் காணியில் வெங்காயம் நடலாமா என்று கேட்டிருந்தார். அந்தப் பகுதிக் கிணறுகளின் பரிசோதனைக் கோப்பை எடுத்தேன். முந்திய வருடம் ஆவணியில், தண்ணீர் வற்றியிருந்த நேரம், போத்தல் போத்தலாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியவன் நான்தான். பரமலிங்கத்தின் பெயரைத் தேடும்போது அதற்கு மேலே வீரகத்தியின் பெயர் இருந்தது. உப்பின் அளவு எழுதப்பட்டிருந்தது. அதற்கு நேரே, 'வெங்காயம், மிளகாய்ச் செய்கைக்கு ஏற்றதல்ல.' கீழே என் கையெழுத்து.

கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். வெங்காயத்துக்கு ஆகாது என்று எழுதிய தண்ணீரைத்தான் அவர் குடித்தார், அதில்தான் அவருக்குச் சோறு காய்ச்சினார்கள், அதோடுதான் வில்லை விழுங்கினார். மழை இல்லாமல் கிணறு இறங்க இறங்க உப்பு ஏறியிருக்கிறது. மத்தியானங்களில் நானும் அதைத்தான் குடித்தேன்; மெல்ல ஏறிய உப்பு நாக்குக்குப் பழகிவிட்டது. இருபத்தொரு சாமான் எழுதிய தாளில் தண்ணீரை நான் எழுதவில்லை. அச்சடித்த தாளில் அது இல்லை.

குவாட்டர்ஸ் கிணறு வாய்க்கால் ஓரம். நல்ல தண்ணீர். ஒரு கானில் நிறைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

"உப்போ?" வீரகத்தி சிரித்தார். "எங்கட கிணறோ? பத்து வருசமாக் குடிக்கிறம். இந்தப் பக்கத்தில இதுதான் நல்ல கிணறு. பரமலிங்கத்தார்ர கிணத்தில போய்க் குடிச்சுப் பாருங்கோ, வாய்க்க வைக்கேலாது."

"இதைக் குடியுங்கோ முதல்," என்று கொண்டுபோன தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்தார். முகத்தைச் சுழித்தார்.

"என்ன இது, சப்பெண்டு கிடக்கு. மழைத்தண்ணி மாதிரி."

பத்மாசனியும் குடித்தார். இரஞ்சிதமும் குடித்தார். இரண்டாம் முறை ஊற்றிக் குடித்தார்கள். பிறகு பத்மாசனி போய்த் தங்கள் கிணற்றில் ஒரு வாளி இழுத்துச் செம்பில் வார்த்து வாயில் வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். துப்பினார்.

சோளகம் கூரைக் கிடுகை அடித்துக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அகப்பை இருந்தது. அதைப் பத்மாசனியின் கையில் வைத்தார்.

"சோறு பொங்குது. வடிக்க வேணும்," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் விடிய இரண்டு கான் தண்ணீர் கொண்டுபோனேன். போக ஏழு மைல், வர எதிர்க்காற்றில் ஏழு மைல். குடிக்க, சமைக்க, வில்லை விழுங்க அது. குளிக்கக் கிணறு. மேட்டுக் காணிக்காரர் கேட்டார்கள், 'ஐயா பால் விக்கத் தொடங்கியிட்டாரோ?' ஒரு கிழமையில் வீரகத்திக்குச் சலம் நன்றாகக் கழிந்தது. கால் வற்றியது. பொல்லை ஊன்றி வரம்பு வரை வந்து பயிரைப் பார்த்தார். கடைசி இரண்டு பாத்தியும் கருகிவிட்டன. மற்றவை கதிருக்குக் குடலை தள்ளியிருந்தன.

"தப்பியிட்டுது," என்றார்.

பயிரைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் முறை யாழ்ப்பாணம் போனபோது பத்மாசனி புதுச் சேலை உடுத்திருந்தார். டொக்டரிடம் கிணற்றைப் பற்றி நான் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், தான் கேட்டிருக்க வேண்டும் என்றார். பத்மாசனியிடம் திரும்பி, "அம்மா, நான் உங்களில சந்தேகப்பட்டது பிழை," என்றார். பத்மாசனி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

பிறகு டொக்டர் வீரகத்தியின் கண்ணை இழுத்துப் பார்த்தார். கையை நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். விரல்கள் நிற்கவில்லை. தாமாக விழுந்து விழுந்து எழும்பின. இரவில் நித்திரை வருகிறதா, பகலில் பேச்சுத் தடுமாறுகிறதா என்று கேட்டார். பகலில் தூங்கிவிடுகிறார் என்று பத்மாசனி சொன்னார். டொக்டர் வெகுநேரம் வயிற்றில் கை வைத்திருந்தார்.

"இனி உப்பைப் பாராதேங்கோ," என்றார். "என்ன விரும்புறாரோ அதைக் குடுங்கோ."

பத்மாசனியின் முகம் மாறியது. "பத்தியம் முறிக்கலாமோ ஐயா?"

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம். முறிக்கலாம்."

பத்மாசனி கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான். பரியாரி பத்தியத்தை முறிக்கச் சொன்னால் நோய் போய்விட்டது. தோய்ந்து, கோயிலுக்குப் போய், உப்பும் புளியுமாய்ச் சோறு தின்பார்கள்.

வீரகத்தியைப் பத்மாசனி வெளியே கூட்டிப்போனபோது டொக்டர் என்னை நிற்கச் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னார். ஈரலில் இனி ஒன்றும் மிச்சமில்லை. மூன்று கிழமை. கூடினால் ஒரு மாதம். அந்த நாட்களை உப்பில்லாமல் கழிக்க வேண்டியதில்லை. "நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள். உங்களால் அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முடியும்."

அந்த வசனங்கள் எனக்குப் புதியவை அல்ல. சென்ற வருடம் இன்னொரு ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு டொக்டர் எனக்குச் சொன்னார். கேட்ட பிறகு இரண்டு நாள் நான் மனைவியின் கட்டிலருகே போகவில்லை. போனால் என் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவள் என்னைத் தேடியிருக்கிறாள். மூன்றாம் நாள் போனபோது அவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனையிறவில் உப்பு விளைந்து வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்தார்கள். பத்மாசனி யன்னலால் காட்டினார்.

"இஞ்சருங்கோ, பாருங்கோ. உங்களுக்கெண்டு குவிச்சு வைச்சிருக்கினம்."

வீரகத்தி தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். திறக்காமலே, "எல்லாத்தையும் ஏத்துங்கோ," என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்மாசனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வேலிப் படலையில் இரஞ்சிதம் நின்றார். பத்மாசனி சொன்னதைக் கேட்டதும் அவர் தம்பியின் தோளைத் தடவினார். பிறகு பத்மாசனியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எடி, நான் உனக்குச் செய்ததை மனசில வைச்சிராதை. உன்ர பொறுமைதான் அவனை எழுப்பினது." நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தியம் முறித்தார்கள். சுடுதண்ணீரில் தோய வார்த்து, திருநீறு பூசி, பலகையில் இருத்தினார்கள். முருங்கைக்காய், பயற்றம்பருப்பு, ரசம். எல்லாவற்றுக்கும் அரை உப்பு. வீரகத்தி முதற் பிடியை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார்.

"எப்பிடி?" என்று பத்மாசனி கேட்டார்.

"கலியாணச் சாப்பாடு."

எனக்கும் இலை போட்டிருந்தார்கள். சாப்பிட்டேன்.

பத்தியத்தை எடுத்த எடுப்பில் முறிப்பதில்லை. படிப்படியாக முறிப்பார்கள். மூன்று நாள் மரக்கறி. பிறகு சின்ன மீன், அதுவும் மருந்துச் சரக்கு அரைத்துக் காய்ச்சியது. எட்டாம் நாள் முழு உப்பு. பிறகு பெரிய மீன். கணவாய், நண்டு, இறால் எல்லாம் நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு. பத்மாசனி நாட்களைக் கலண்டரில் குறித்துக்கொண்டு நடத்தினார்.

பதினோராம் நாள் கடல்நீரேரிப் பக்கமிருந்து ஒருவன் நண்டு கொண்டுவந்தான். படலையில் நின்று கூப்பிட்டான். வீரகத்தி கட்டிலில் இருந்தார். கண் நல்ல மஞ்சள். ஆனாலும் அன்று தெளிவாக இருந்தார்.

"இஞ்சாரும், நண்டு வாங்கும். முருங்கையிலை போட்டுக் காய்ச்சும்."

"நாப்பத்தொண்டு போகட்டும்."

"சின்னதா ஒண்டு. கால் மட்டும்."

"சின்னப் பிள்ளையோ நீங்கள்? இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னும் முப்பது நாள்."

"அவள் சொல்லுறதுதான் சரி," என்றார் இரஞ்சிதம். "அவசரப்பட்டு முறிச்சு ஆக்கள் கெட்டதைக் கண்டனான்."

"அப்ப தம்பியைக் கேளுங்கோ. தம்பி படிச்சவர். டொக்டர் விரும்பினதைக் குடுக்கச் சொன்னவரோ இல்லையோ?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் சோறு இருந்தது.

"சொன்னவர்," என்றேன்.

"டொக்டர் சொல்லுவார். எங்கட முறை எங்களுக்கு," என்றார் பத்மாசனி. நண்டுக்காரன் போய்விட்டான்.

அன்று பின்னேரம் பத்மாசனி வயலுக்குப் போன நேரம் வீரகத்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்டைக்கு டொக்டர் உங்களை நிப்பாட்டி இங்கிலீசில என்ன சொன்னவர்?"

"வில்லையை மாத்தினதைச் சொன்னவர்."

"அதுக்கு இவ்வளவு நேரமோ?"

"ஓம்."

அவர் தலையாட்டினார். அவர் நம்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீரை மட்டும் நிறுத்தாமல் கொண்டுபோனேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை வீரகத்தி இரத்தமாய்ச் சத்தியெடுத்தார். நான் தண்ணீரோடு போனபோது வாசலில் சனம் நின்றது. சந்தியில் கார் பிடிக்க ஆள் போயிருந்தது. கார் வர முன்பே முடிந்துவிட்டது. வாளி, பாய், பத்மாசனியின் சேலை எல்லாம் இரத்தம். இரண்டு கானையும் சைக்கிளிலிருந்து இறக்கிவைத்தேன். பிரேதத்தைக் குளிப்பாட்ட அதைத்தான் எடுத்தார்கள்.

பறை அடிக்கத் தொடங்கியதும் இரஞ்சிதம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். முதலில் ஒப்பாரியாகத்தான் வந்தது. பிறகு பத்மாசனியைப் பார்த்துச் சொன்னார்.

"உப்பைப் போட்டுச் சாக்காட்டிப் போட்டியேடி! வத்தின வயித்தில உப்பைக் கொட்டிப் போட்டியே! இன்னும் பத்து நாள் பொறுத்து முறிச்சிருக்கக் கூடாதோ?"

சுற்றியிருந்த பெண்கள் கேட்டார்கள். சந்திக் கடை வரை அது போனது. பத்மாசனி மறுக்கவில்லை. தலையை விரித்துக்கொண்டு பிரேதத்தின் காலடியில் இருந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் ஆண்கள் பக்கத்தில் நின்றேன். பாடை கட்டக் கயிறு பிடித்துக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் படையல். செத்தவர் விரும்பித் தின்றதெல்லாம் சமைத்து வைப்பார்கள். பின்னேரம் நான் போனேன். சோளகம் நின்றிருந்தது. வெட்டாத நெல் அப்படியே சாய்ந்து கிடந்தது. இரஞ்சிதம் குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பத்மாசனி அடுப்பில் இருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள்.

வாசலில் நின்றபடி பத்மாசனியிடம் சொன்னேன்.

"அக்கா, அவர் உப்பாலை சாகேல்லை."

இரஞ்சிதத்தின் கை நின்றது.

"டொக்டர் அண்டைக்கே எனக்குச் சொன்னவர். ஈரல் முடிஞ்சு போச்சு, மூண்டு கிழமை எண்டு. அதாலைதான் விரும்பினதைக் குடுக்கச் சொன்னவர். பத்தியம் முறிச்சதாலை ஒண்டும் நடக்கேல்லை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

அதைச் சொன்னால் அவருடைய பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். எட்டு நாளாக அந்த வசனத்தை மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

இரஞ்சிதம் துருவலையை விட்டு எழும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பத்மாசனி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"பஸ்ஸில வரேக்க?"

"ஓம்."

"நண்டுக்காரன் வந்த அண்டைக்கு?"

நான் அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தேன்.

பத்மாசனி அழவில்லை. எரிந்துகொண்டிருந்த கொள்ளி ஒன்றை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். புகை எழும்பியது. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பத்தொன்பது நாள். அவர் வாயாலை கேட்டது எத்தினை சாமான். எல்லாத்துக்கும் பேந்து தாறன், பிறகு தாறன் எண்டன். பேந்து இல்லையெண்டு தெரிஞ்ச ஒரு மனிசன் பக்கத்தில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்."

"அக்கா..."

"உப்பாலைதான் செத்தவர் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன், தம்பி. அது எனக்குப் பரவாயில்லை."

அடுப்பில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் வந்து முருங்கையிலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டார். இருவருமாகச் சட்டியை இறக்கிவைத்தார்கள்.

"பின்னுக்கு வாழை நிக்குது," என்றார் பத்மாசனி. "தலைவாழையா ஒண்டு வெட்டிக்கொண்டு வாங்கோ. வெட்டித் தந்திட்டு நீங்கள் போங்கோ."

வெட்டிக் கழுவி வாசலில் வைத்தேன்.